வயரிங் செய்பவருக்கு லைசென்ஸ் உண்டு, பில்லர் போடுபவருக்கு? வீடு கட்டுவோருக்கான சான்றிதழ்: ஒரு விளக்கம்

ஒரு புது வீட்டுக்கு வயரிங் செய்ய வேண்டும் என்றால், அதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். வேலையை மேற்பார்வையிடுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. வயர்மேன், வயர்மேன் உதவியாளர், மேற்பார்வையாளர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று.

அதே வீட்டின் பில்லரை நிறுத்தியவருக்கு? ரூஃப் கான்கிரீட் போட்டவருக்கு? எதுவும் தேவையில்லை. மேஸ்திரி என்று நாலு பேர் கூப்பிட்டால் மேஸ்திரி. விசிட்டிங் கார்டில் 'பில்டர்ஸ்' என்று அடித்துவிட்டால் பில்டர். "நம்ம ஏரியாவுல பத்து வீடு கட்டியிருக்காருப்பா" என்ற ஒரு வரி சிபாரிசுதான் பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்கள் கேட்கும் ஒரே தகுதிச் சான்று. இருபது வருஷ இஎம்ஐ அந்த ஒரு வரியை நம்பித்தான் ஆரம்பிக்கிறது.

பத்து வீடு கட்டிய அனுபவம் பெரிய விஷயம்தான். ஆனால் பத்து வீட்டிலும் ஒரே தவறைச் செய்திருந்தால் அது வெளியே தெரிய பதினைந்து வருஷம் ஆகும். கட்டுமானத்தில் இருக்கும் சிக்கலே இதுதான். சமைத்த சாப்பாடு சரியில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது யாருக்கும் தெரியாது, பூச்சு உதிரும் வரை.

சட்டம் யாரிடம் என்ன கேட்கிறது?

ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயருக்கு 1972-ஆம் ஆண்டின் கட்டட வடிவமைப்பாளர்கள் சட்டம் பாதுகாப்பு தருகிறது. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அந்தச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, வடிவமைக்கும் வேலையைப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் ஒதுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சிவில் இன்ஜினியருக்கு அதுகூட இல்லை. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில், டாக்டருக்கு மருத்துவ ஆணையம் என்பதுபோல் நாடு முழுவதற்குமான சட்டப்பூர்வ கவுன்சில் எதுவும் இன்ஜினியர்களுக்கு இந்தியாவில் கிடையாது. மாநில விதிகளின்படி உள்ளூர் அமைப்புகளில் பதிவு செய்துகொள்வது மட்டுமே.

புரமோட்டர்களுக்கு ரெரா சட்டம் இருக்கிறது. மனை 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்றால் பதிவு கட்டாயம். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் புரமோட்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். நல்ல பாதுகாப்பு. ஆனால் சொந்த மனையில் மேஸ்திரியை வைத்து வீடு கட்டிக்கொள்பவர் இந்த வட்டத்துக்குள் வரவே மாட்டார். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே வீடு என்றாலே பெரும்பாலும் இப்படிக் கட்டுவதுதான்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலையை எடுக்கும் சிறு கான்ட்ராக்டரிடம் சட்டம் எந்தத் தேர்வையும் கேட்பதில்லை. அவர் கூட்டி வரும் கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள் யாரிடமும் கேட்பதில்லை.

மௌலிவாக்கம் மாற்றியதும் மாற்றாததும்

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. 61 பேர் உயிரிழந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தக் காட்சியை டிவியில் பார்த்தவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

அதற்குப் பிறகு வந்த 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற தொழில்முறையாளர்கள் என்ற பட்டியலை விரிவாக்கின. கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் எனப் பலரும் அதில் இருக்கிறார்கள். பெரிய கட்டடங்களைப் பொறுத்தவரை இது உண்மையான முன்னேற்றம். கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் பொறுப்பேற்க வேண்டும்.

சிறிய வீடுகளின் கதை எதிர்த்திசையில் போனது. 2024 ஜூலை 22 முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரே சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனடியாக அனுமதி வாங்கலாம். முன்கூட்டியே கள ஆய்வு இல்லை. பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. பிளான் அப்ரூவலுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, லஞ்சத்துக்கான ஒரு கதவையும் அடைத்தது. திட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசு ஆய்வு செய்வதிலிருந்து விலகிக்கொண்டால், அந்தப் பொறுப்பு வேறு யாரிடமோ போய்ச் சேர வேண்டும். காகிதத்தில் அது உரிமையாளரிடம் போகிறது. சாஃப்ட்வேர் வேலையிலோ பேங்க் வேலையிலோ இருக்கும் உரிமையாளருக்கு கம்பி இடைவெளியைப் பற்றி என்ன தெரியும்? நடைமுறையில் அது மேஸ்திரியிடம் போகிறது. அவருக்கு அது தெரியுமா என்று யாரும் சோதித்ததில்லை.

"வாரிய கார்டு இருக்கே, அது போதாதா?"

பலருக்கும் இங்கேதான் குழப்பம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை திறமைக்கான சான்றிதழ் அல்ல. விபத்து இழப்பீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, ஓய்வூதியம் போன்ற நலத்திட்டங்களுக்கான பதிவு அது. தொழிலாளிக்கு மிகவும் தேவையான ஒன்று. ஆனால் அவர் கலவையைச் சரியாகப் போடுவார் என்று அது உத்தரவாதம் தராது, தரவும் வந்ததல்ல.

திறமைக்கு என்றே தனிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஐடிஐ-யில் கொத்தனார் வேலைக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு. எலெக்ட்ரீஷியனுக்கு இரண்டு ஆண்டு. எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேரப் போட்டி இருக்கும், கொத்தனார் பிரிவைப் பற்றிப் பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. படித்து முடித்தால் கிடைக்கும் கூலி, படிக்காமல் சித்தாளாகச் சேர்ந்து மேலே வந்தவருக்குக் கிடைக்கும் அதே கூலிதான் என்றால், ஒரு வருஷத்தை ஏன் செலவு செய்ய வேண்டும்?

அடுத்தது, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கான முன்கற்றல் அங்கீகாரம். 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி இது. யோசனை அருமையானது. இருபது வருஷம் கரணை பிடித்தவரை மறுபடியும் வகுப்பறையில் உட்கார வைக்காமல், அவருக்குத் தெரிந்ததைச் சோதித்துச் சான்று கொடுப்பது. ஆனால் 2016 முதல் 2020 வரையிலான கட்டத்தில் அதற்கு ஒதுக்கப்பட்டது 12 மணி நேர அறிமுக வகுப்பு, அதன் பிறகு ஒரு மதிப்பீடு. அந்த 12 மணி நேரத்திலும் ஒரு பகுதி தொழில் சாராத பொதுப் பயிற்சிக்குப் போய்விடும். இருக்கும் திறமைக்கு முத்திரை குத்த அது போதும். இல்லாத ஒன்றைக் கற்றுத்தரப் போதாது.

இதைவிட உருப்படியான மாதிரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் இருக்கிறது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் கொத்தனார்களுக்கு 45 நாள் பயிற்சி. வகுப்பறை கிடையாது, பயனாளி ஒருவரின் வீட்டையே கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். கடைசியில் தேர்வு, சான்றிதழ். பயிற்சியும் முடிகிறது, ஒரு குடும்பத்துக்கு வீடும் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலும் செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான பயிற்சிக் கழகம் அமைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிக்கு வரும் நாட்களுக்கு ஊதிய இழப்பை ஈடுகட்டுவதும் இதில் சேர்ந்திருக்கிறது. தினக்கூலிக்காரரை வேலையை விட்டு வரச் சொல்ல வேறு வழியில்லை.

அப்படி என்னதான் தெரிந்திருக்க வேண்டும்?

நான்கு உதாரணங்கள் போதும். நான்குமே எந்த சைட்டிலும் போய்ப் பார்க்கக்கூடியவை.

முதலாவது தண்ணீர். சாதாரண வீட்டு ரூஃபுக்குப் போடும் எம்20 கான்கிரீட்டில் சிமெண்டுக்குத் தண்ணீர் 0.55 பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456:2000. ஐம்பது கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 27.5 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. சைட்டில் நடப்பது என்ன? கலவை கெட்டியாக இருந்தால் பரப்புவது கஷ்டம், "இன்னும் ரெண்டு பக்கெட் ஊத்து" என்று ஒரு குரல் வரும். அந்த இரண்டு பக்கெட் கான்கிரீட்டின் பலத்தைக் குறைக்கிறது. காய்ந்ததும் பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இரண்டாவது கவர். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. பில்லருக்கு 40 மில்லிமீட்டர், சாதாரண சூழலில் ரூஃபுக்கு 20. கடற்கரை ஓரம் என்றால் இன்னும் அதிகம். இதற்குத்தான் கவர் பிளாக் வைப்பது. அதன் விலை வீட்டின் செலவில் கணக்கிலேயே வராது. அதை வைக்காமல் ஜல்லிக் கல்லை முட்டுக்கொடுத்து ரூஃப் போட்ட வீடுகளில், சில வருஷத்தில் கம்பி துருவேறி, கான்கிரீட் பெயர்ந்து கட்டிலில் விழுகிறது.

மூன்றாவது ரிங். பில்லரிலும் பீமிலும் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 13920, ரிங்கின் முனைகளை 135 டிகிரி உள்நோக்கி மடக்கச் சொல்கிறது. 90 டிகிரியில் மடக்குவது சுலபம், வேகம். சாதாரண நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பூமி குலுங்கும்போது 90 டிகிரி ரிங் வாயைப் பிளந்துகொள்ளும், பில்லர் கம்பிகளைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது.

நான்காவது பொறுமை. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பிபிசி சிமெண்டுக்குப் பத்து நாள் தண்ணீர் விட வேண்டும். 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ரூஃபின் முட்டுகளை 14 நாட்களுக்கு முன் பிரிக்கக்கூடாது. சென்ட்ரிங் பலகை நாள் வாடகைக்கு வருவதால், அடுத்த சைட்டில் இருந்து போன் வந்ததும் முதலில் அடிபடுவது இந்த 14 நாள்.

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஏழாம் வகுப்போடு நிறுத்தியவருக்கும் ஒரு வாரத்தில் புரியவைக்க முடியும். புரியவைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தை சிமெண்ட் நிறுவனங்கள் நடத்தும் மேஸ்திரி கூட்டங்கள் ஓரளவு நிரப்புகின்றன. சாப்பாடு, டி-ஷர்ட், ஒரு மணி நேர டெமோ. ஆனால் சிமெண்ட் விற்பவரே ஆசிரியராக இருக்கும் இடத்தில் எந்த மூட்டை நல்லது என்ற பாடம்தான் முதலில் வரும்.

பழைய வீட்டில் கை வைப்பவர்கள்

புது வீட்டைவிட இன்னும் கவனம் தேவைப்படும் இடம் மராமத்து. ஹாலைப் பெரிசாக்கணும், பால்கனியை உள்ளே சேர்க்கணும், மேலே ஒரு மாடி எடுக்கணும். இன்ஸ்டாகிராமில் 'பிஃபோர், ஆஃப்டர்' ரீல் பார்த்துவிட்டு இன்டீரியர் நிறுவனத்தை அழைக்கும் தலைமுறைக்கு, வருபவர் மர வேலைக்காரரா கட்டடம் தெரிந்தவரா என்று கேட்கத் தோன்றுவதில்லை. அந்தச் சுவர் வெறும் தடுப்பா, மேலே உள்ள பாரத்தைத் தாங்குவதா என்பது தட்டிப் பார்த்துச் சொல்லும் விஷயமில்லை.

2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமின் சின்டெல்ஸ் பாரடைஸோ அடுக்குமாடியில் ஆறாவது மாடி வீட்டில் மராமத்து நடந்துகொண்டிருந்தபோது தளம் இடிந்து, கீழே முதல் மாடி வரை அடுத்தடுத்து நொறுங்கியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். பின்னர் ஐஐடி டெல்லி செய்த ஆய்வில் கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருப்பதும், கம்பிகள் அரித்திருப்பதும் தெரியவந்தது. கோளாறு முதலில் கட்டியபோதே வந்துவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட கட்டடத்தில் கை வைப்பதற்கு முன் அதன் நிலையைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்திருப்பதுதான் மராமத்துத் தொழிலின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதைக் கையாளும் விதம் கவனிக்க வேண்டியது. அங்கே 1,000 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள வேலைக்கு கான்ட்ராக்டர் உரிமம் வேண்டும். நான்கு ஆண்டு அனுபவம், தொழில் பற்றி ஒரு தேர்வு, சட்டம் பற்றி இன்னொரு தேர்வு, 25,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரம். 2021-இல் வீட்டு மராமத்துக்கு என்றே பி-2 என்ற தனி உரிமத்தைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்திருப்பவர் பாரம் தாங்கும் சுவரையோ அஸ்திவாரத்தையோ மாற்றும் வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது. அவர் என்ன செய்யலாம் என்பதோடு எதைத் தொடக்கூடாது என்பதையும் உரிமமே சொல்லிவிடுகிறது. உரிம எண்ணைக் கொடுத்தால் நடவடிக்கை ஏதும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

அதற்கும் மேலே, அமெரிக்க வீடு கட்டுவோர் சங்கம் தரும் விருப்பச் சான்றிதழ்கள் இருக்கின்றன. மராமத்து செய்வோருக்கு ஒன்று, முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே பாதுகாப்பாக வாழும்படி வீட்டை மாற்றித் தருவோருக்கு இன்னொன்று. கைப்பிடி எங்கே வரணும், கதவு எவ்வளவு அகலம் வேண்டும், குளியலறைத் தரை எப்படி இருக்கணும் என்பதெல்லாம் பாடம். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்க என்று கிடையாது, தொடர் கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் பெருகிவரும் தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு படிப்பு நாளைக்கே வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியாவை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் உரிமம் என்பது வேலையை எடுப்பவரிடம் கேட்கப்படுகிறது, கல் தூக்குபவரிடம் அல்ல என்ற கொள்கையை இறக்கலாம்.

முதலில் யாருக்கு?

சான்றிதழ் கட்டாயம் என்று பேச்சு வந்தாலே முதலில் பயப்படுவது கொத்தனாரும் சித்தாளும்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. படிப்பு இல்லாதவர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தமிழ் தெரியாமல் வேலை பார்ப்பவர், எழுத்துத் தேர்வு என்றதும் வெளியே தள்ளப்படுவார். ஆகவே கட்டாயம் என்ற சொல் தொழிலாளியை நோக்கிப் போகக்கூடாது. அது போய்ச் சேர வேண்டியது சதுர அடிக்கு ரேட் பேசி, அட்வான்ஸ் வாங்கி, ஆள் கூட்டி வரும் கான்ட்ராக்டரிடம். லாபம் அவருடையது, முடிவும் அவருடையது. 14 நாள் முட்டைப் பத்தாம் நாள் பிரிக்கச் சொல்வதும் அவர்தான்.

அவருக்கு ஒரு எளிய தேர்வு, தமிழில், தேவைப்பட்டால் வாய்மொழியாகவும் சைட்டிலேயும். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசம். ஒரு பதிவு எண். சுயசான்று விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கட்டாயமாக்கினால், உடனடி அனுமதியின் வேகம் ஒரு நிமிடம்கூடக் குறையப்போவதில்லை. வீடு விரிசல் விட்டால் யாரைத் தேடுவது என்பது மட்டும் பதிவாகிவிடும்.

தொழிலாளிக்குச் சான்றிதழ், மிரட்டலாக அல்லாமல் கூலி உயர்வாக வர வேண்டும். அரசு ஒப்பந்தங்களில் சான்று பெற்ற கொத்தனாருக்குத் தனிக் கூலி விகிதம் என்று ஆரம்பித்தால் தனியாரும் பின்னால் வருவார்கள். இதில் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் பெண்கள். ஆண் சித்தாளாகச் சேர்ந்தால் ஐந்தாறு வருஷத்தில் கரணை அவன் கைக்கு வந்துவிடும். பெண் சேர்ந்தால் முப்பது வருஷம் கழித்தும் தலையில் சட்டிதான். திறமை இல்லாததால் அல்ல, கரணையை யாரும் கொடுக்காததால். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட ஆள் கிடைக்காதபோது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்று அழைக்கப்படும் அவர்கள் அதன்பின் வீடுகளும் கட்டினார்கள். குருவிடம் எடுபிடியாக இருந்துதான் தொழில் கற்க வேண்டும் என்ற ஒரே வழி இருக்கும் வரை, குரு யாரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவருக்குத்தான் தொழில். பயிற்சி நிலையம் அந்தப் பூட்டை உடைக்கிறது.

இப்போதே கட்டிக்கொண்டிருப்பவர்?

சட்டம் மாறும்வரை கையில் இருப்பது ஒப்பந்தம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆனால் வாய்ப்பேச்சில் வேலை ஆரம்பித்து, கையில் கையில் பணம் கொடுத்தவருக்கு அங்கே நிரூபிக்க எதுவும் இருக்காது.

அதனால் ஒரு முத்திரைத்தாளில் கம்பி, சிமெண்ட், கான்கிரீட் கிரேடு, முட்டு பிரிக்கும் நாள் எல்லாம் எழுதி வாங்குவது, பணத்தை பேங்க் வழியாகவே கொடுப்பது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து அஸ்திவாரம், பில்லர், ரூஃப் ஆகிய மூன்று கட்டங்களிலாவது கான்கிரீட் போடுவதற்கு முன்தினம் வந்து பார்க்கச் சொல்வது. பேங்க் அனுப்பும் இன்ஜினியர் இதற்குப் பதில் ஆகமாட்டார். அவர் வருவது எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று பார்க்க, அடுத்த தவணையை விடுவிக்க. முன்தினம் என்பதுதான் முக்கியம். கான்கிரீட் போட்ட மறுநாள் யார் வந்தாலும் உள்ளே இருக்கும் கம்பியைப் பார்க்க முடியாது.